ஆட்சிக்குழுவுக்கு ஆள் எடுப்பது யார், எப்படி?

டில்லித் தமிழர் குழு › வேலை, படிப்பு

முனிர்க்காக்காரி | திங்கள், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளாக வாடகை வீடு, கேஸ் இணைப்பு, பொங்கலுக்கு ஊர் போக தட்கல் டிக்கெட் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இன்றைக்குக் கொஞ்சம் கனமான கேள்வியோடு வந்திருக்கிறேன்.

தெற்கு டில்லியில் ஒரு சின்ன கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். சொசைட்டியாகப் பதிவானது. ஆராய்ச்சியாளர்கள் பதினான்கு பேர், மாடியில் ஆறு அறை, கீழே ஜெராக்ஸ் கடை. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. போன வாரம் ஒரு மெயில் வந்தது. ஆட்சிக்குழுவில் மூன்று புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்களாம். ஒருவர் ஓய்வு பெற்ற ஐஏஎஸ். ஒருவர் ஏதோ கம்பெனியின் சமூக நலச் செலவைக் கவனிக்கிற சிஎஸ்ஆர் பொறுப்பாளர். மூன்றாமவர் எங்கள் நிறுவனரோடு கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர். இந்த மூன்றாவது விவரம் மெயிலில் இல்லை, டீ கொண்டுவரும் பையன் சொன்னது. அவர்கள் மோசமான ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினோரு பேர் இருக்கிற குழுவில் சாக்பீஸ் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை.

இயக்குநரிடம் கேட்டேன். “போர்டுதானேம்மா முடிவு பண்ணும்” என்றார். போர்டில் யார் இருப்பது என்று போர்டே முடிவு பண்ணுமா? சண்டை போடும் எண்ணம் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், எழுதும் வேலை என் தலையில். பெரிய நிறுவனங்களில் இது எப்படி நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயூர்விஹார் மணி | 10.22

எங்கள் அடுக்ககச் சொசைட்டியிலும் இதே கதைதான். இத்தனை வருடத்தில் லிஃப்ட் இரண்டு தடவை மாறிவிட்டது, செக்ரட்டரி மாறவில்லை.

ஓய்வூதியன் | 11.40

முனிர்க்கா அம்மா, உங்கள் இயக்குநர் சொன்னது பொய் இல்லை. நிறைய சொசைட்டிகளில் அப்படித்தான். இந்த மாதிரி நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார நாலு வழி உண்டு. ஒரு பதவியில் இருப்பதால் தானாக வருவது ஒன்று, பதவிவழி உறுப்பினர் என்பார்கள். மேலே இருப்பவர் நியமிப்பது இன்னொன்று. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு எடுப்பது மூன்றாவது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் கூடிப் பேசி இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வது கடைசி, ஆபீஸ் பாஷையில் கோ-ஆப்ட் செய்வது. உங்கள் மூவரும் இந்தக் கடைசி வாசல் வழியாக வந்திருப்பார்கள்.

பள்ளிப் பாடப்புத்தகம் போடுகிற மத்திய அரசின் என்சிஇஆர்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து 1961ல் தொடங்கியது. பலருக்குத் தெரியாத விஷயம், அது பாராளுமன்றம் சட்டம் போட்டு உண்டாக்கியது இல்லை. உங்கள் நிறுவனத்தைப் போலவே 1860ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சொசைட்டிதான். பொதுக்குழுவுக்குத் தலைவர் மத்திய கல்வி அமைச்சர். மாநிலக் கல்வி அமைச்சர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், அந்த வகையில் நம் தமிழ்நாட்டு அமைச்சரும் உண்டு. யுஜிசி தலைவர், கல்விச் செயலர், சிபிஎஸ்இ தலைவர், கேந்திரிய வித்யாலயா ஆணையர் எல்லாம் பதவிவழி வருகிறவர்கள். துணைவேந்தர்கள் நாலு பேர், மண்டலத்துக்கு ஒருவராக அரசு நியமிக்கும். அது போக வேறு ஆறு பேர் வரை அரசு நியமிக்கலாம். அந்த ஆறில் குறைந்தது நாலு பேர் பள்ளி ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

அந்தப் பொதுக்குழு கல்யாணக் கூட்டம் மாதிரி. காரியம் நடப்பது நிர்வாகக் குழுவில். அதற்கும் அமைச்சர்தான் தலைவர். பள்ளிக் கல்வியில் அக்கறை உள்ளவர்கள் என்று பெயர் வாங்கிய கல்வியாளர்கள் நாலு பேர், அதில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். நிறுவனத்தின் சொந்த ஆசிரியர் தரப்பிலிருந்து மூன்று பேர், அவர்களில் இருவராவது துறைத் தலைவராக இருக்கிற பேராசிரியர்கள். நிதி அமைச்சகத்து ஆள் ஒருவர், நிதி ஆலோசகர் அவர்தான். கல்வியாளர்களையும் பேராசிரியர்களையும் நியமிப்பது தலைவர், அதாவது அமைச்சர். ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

ஆக உங்கள் கடிதத்துக்கு இரண்டு சரக்கு கிடைத்துவிட்டது. பள்ளி ஆசிரியருக்கு இடம், உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு இடம். நாட்டிலேயே பெரிய நிறுவனத்தின் விதியில் இரண்டும் இருக்கின்றன. உங்கள் பை-லாவில், அதாவது நிறுவனத்தின் விதிகளில், என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் படிக்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

சும்மா வந்தவன் | செவ்வாய், காலை 7.10

விதியாவது ஒன்றாவது. ஆளும் கட்சிக்கு வேண்டியவன் உள்ளே, வேண்டாதவன் வெளியே. 2012ல் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் இருந்த அம்பேத்கர் கார்ட்டூன் பிரச்சினையில் பார்த்தோமே, பாராளுமன்றத்தில் சத்தம் வந்ததும் போர்டில் இருந்த இரண்டு பேர் ராஜினாமா.

கணக்கு டீச்சர் | 8.30

சும்மா வந்தவன் தம்பி, அவர்கள் போர்டில் இருந்தவர்கள் இல்லை. 2012 மே மாதம் திருமாவளவன் அந்தக் கேலிச்சித்திரத்தை மக்களவையில் எழுப்பியபோது விலகிய யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும் அரசியல் அறிவியல் பாடப்புத்தகங்களுக்குத் தலைமை ஆலோசகர்கள். பாடநூல் குழு வேறு, ஆட்சிக்குழு வேறு. முதலாவது புத்தகம் எழுதும். இரண்டாவது பணம், பதவி, விதி பற்றி முடிவு எடுக்கும்.

அதற்குப் பிறகு பாடப்புத்தகங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கார்ட்டூனும் அப்போதுதான் கிளம்பியது, ஊரில் பெரிய கொந்தளிப்பு. அந்தக் குழுவில் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், நம் ஊர்க்காரர். நீங்கள் சொல்வதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆள் எடுப்பதில் அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் எந்தக் கதவு வழியாக யார் வந்தார் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன பிரயோஜனம்?

சும்மா வந்தவன் | 8.41

சரி டீச்சர். இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

முனிர்க்காக்காரி | 9.05

டீச்சர், அந்த ஆசிரியர் நாற்காலிக்கு யாரை எப்படிப் பிடிக்கிறார்கள்? விண்ணப்பம் உண்டா?

கணக்கு டீச்சர் | மதியம் 2.20

விண்ணப்பமா! நானே ஒரு தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், இந்தத் திரியில் யாரும் பெயர் சொன்ன இடம் இல்லை.

பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வந்து பிரின்சிபால் கூப்பிடுகிறார் என்றான். போனால், “உங்கள் பயோடேட்டா நாலு மணிக்குள் வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.” எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மேலே யாரோ போனில் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர், பெண், தென்னிந்தியர், டில்லியிலேயே இருப்பதால் பயணச் செலவு கிடையாது. ஒரே ஆளில் நாலு கட்டம் நிறைந்துவிட்டது என்று பின்னால் புரிந்தது. கணக்கை எப்படி நடத்துவேன் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு மஞ்சள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மேஜையில் அஜெண்டா கட்டு, தலையணை உயரத்துக்கு. அன்று காலைதான் கொடுத்தார்கள். பத்தொன்பது பொருள். முதல் பொருள் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்வது. நான் இல்லாத கூட்டத்தை நான் எப்படி உறுதி செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பொருளுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருடத்தில் நாலு கூட்டம். ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன். ஆசிரியர் பயிற்சியைக் கோடை விடுமுறையில் வைக்காதீர்கள், அந்த ஒரு மாதம்தான் நாங்கள் ஊருக்குப் போவோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பயிற்சி மே மாதத்தில்தான் நடந்தது.

நாற்காலி கிடைத்தது. ஆனால் இன்னொரு டீச்சருக்கு ஏன் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது.

ஓய்வூதியன் | மாலை 6.15

டீச்சர் சொன்னதை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து நான் பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருட கோப்பு வேலை. எந்த பவன், எந்தப் பிரிவு என்பதெல்லாம் வேண்டாம். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

ஓர் உறுப்பினரின் காலம் முடிகிறது என்று வையுங்கள். நிறுவனத்திலிருந்து கடிதம் வரும், இத்தனை இடம் காலியாகப் போகிறது, நியமிக்கவும் என்று. நல்ல நிறுவனமாக இருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே வரும். பெரும்பாலும் காலியான பிறகுதான் வரும். பிரிவில் இருக்கிற உதவியாளர் பச்சைத் தாளில் குறிப்பு எழுதுவார். விதி எண் இது, காலியிடம் இத்தனை, இப்போது இருப்பவர்கள் இவர்கள். கீழே கடைசி வரி: ‘பொருத்தமான பெயர்கள் முடிவு செய்யப்படலாம்.’ அந்த வரியோடு கோப்பு மேலே போகும்.

மேலேயிருந்து ‘பெயர்ப் பட்டியல் தருக’ என்று ஒரு வரியோடு திரும்பி வரும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பட்டியல் எங்கிருந்து வரும்? பழைய கோப்பைப் புரட்டிப் போன தடவை விட்டுப்போன பெயர்களை எடுப்போம். நிறுவனத்தின் இயக்குநர் போனில் இரண்டு பெயர் சொல்வார். யாரோ ஒரு எம்பியின் பரிந்துரைக் கடிதம் ஏற்கெனவே கோப்பில் கிடக்கும். விருது வாங்கியவர்கள் பட்டியல் கைவசம் இருக்கும், அதிலிருந்து ஆசிரியர் பெயர் எடுப்பது சுலபம். ஒரு இடத்துக்கு மூன்று பெயர், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க பயோடேட்டா, ஓரத்தில் கொடி ஒட்டி மேலே அனுப்புவோம். கடைசியில் டிக் அடிப்பவர் பெரியவர்தான். ஆனால் அவர் டிக் அடிப்பது அந்த மூன்றுக்குள். சில சமயம் மூன்றையும் கோடு போட்டு வெட்டிவிட்டு நாலாவதாக ஒரு பெயரைத் தன் கையால் எழுதுவார். அது எப்போதாவது நடப்பது. மற்ற நாளெல்லாம், சாயங்காலம் நாலு மணிக்குள் யாருடைய பயோடேட்டா கைக்கு வந்ததோ அவர்தான்.

டீச்சர், உங்களை எடுத்ததற்குக் காரணம் தேடாதீர்கள். உங்கள் பிரின்சிபால் போனை எடுத்தார், அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர் | 6.31

இத்தனை வருட சந்தேகத்தை இப்படி ஒரே வரியில் உடைத்துவிட்டீர்களே சார்.

ஜேஎன்யூ ஜன்னல் | இரவு 9.10

ஓய்வூதியன் சார் சொன்னதோடு ஐசிஎஸ்எஸ்ஆர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் ஆய்வேட்டுக்காகக் கொஞ்சம் படித்தேன். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கான இந்திய மன்றம், 1969ல் தொடங்கியது. வி.கே.ஆர்.வி. ராவ் குழு சொன்னதன் பேரில் வந்தது. கல்வி ஆராய்ச்சிக்கும் இந்த மன்றத்தின் பணம் வரும். முதல் உறுப்பினர்-செயலர் ஜே.பி. நாயக், அவரே பெரிய கல்வியாளர். மன்றத்தில் ஒரு தலைவர், பதினெட்டு சமூக அறிவியலாளர்கள், ஆறு அரசுப் பிரதிநிதிகள், ஒரு உறுப்பினர்-செயலர். மொத்தம் 26. எல்லோரும் மத்திய அரசு நியமிப்பவர்கள்.

2007ல் ஏ. வைத்தியநாதன் தலைமையில் வந்த மறுஆய்வுக் குழு இந்த மன்றத்தையே மாற்றியமைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அவர் சென்னையில் எம்ஐடிஎஸ் என்ற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர். ஆராய்ச்சி செய்கிறவர்களைத் தேர்ந்தெடுப்பது ஆராய்ச்சி செய்கிறவர்களாகவே இருக்க வேண்டும், அதற்கு வழி தேர்தல்தான் என்பது என் கட்சி. அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கம் 1916லிருந்து இருக்கிறது, அதன் தலைவரை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள்.

மயூர்விஹார் மணி | 9.18

தம்பி, தேர்தல் வேண்டும் என்கிற ஆளை எங்கள் அடுக்ககத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள். போன தடவை ஓட்டுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு அரைக் கிலோ சோன்பாப்டி வந்தது. ஜெயித்தவர் முதல் வேலையாகப் பார்க்கிங்கில் தன் வண்டிக்குக் கூரை போட்டார்.

ஓய்வூதியன் | 9.50

ஜன்னல் தம்பி, சங்கம் வேறு, நிறுவனம் வேறு. சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள் சந்தா கட்டுகிற உறுப்பினர்கள், அவர்கள் ஓட்டுப் போடுவது நியாயம். முனிர்க்கா அம்மாவின் நிறுவனத்தில் ஓட்டு யாருக்கு? சம்பளம் வாங்குகிற பதினான்கு பேருக்கா? பணம் கொடுக்கிற கம்பெனிக்கா? வாசிக்கத் தெரியாத அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா? ஓட்டர் லிஸ்ட்டை யார் எழுதுகிறாரோ அவர் கைக்குத்தான் அதிகாரம் போகும். பெயர்ப் பட்டியல் கதையேதான், வேறு சட்டை.

ஜேஎன்யூ ஜன்னல் | 10.02

சார், அப்படிப் பார்த்தால் எதையுமே மாற்ற முடியாது. நியமனத்தில் ஒருவர் கை, தேர்தலில் நூறு கை. நூறு கையில் சோன்பாப்டி இருந்தாலும் எனக்கு நூறுதான் பரவாயில்லை.

நெறியாளர் | 10.05

சோன்பாப்டி போதும். தலைப்புக்கு வாருங்கள்.

மதிப்பெண் மாமா | 10.40

இரண்டு பேரும் நியமனமா தேர்தலா என்று மோதுகிறீர்கள். நான் தேர்வு, மதிப்பீட்டுத் துறையில் இருப்பவன். அமெரிக்காவில் பிள்ளைகளின் கற்றல் நிலையை நாடு முழுக்க அளக்க ஒரு தேசிய மதிப்பீடு உண்டு. அதை மேற்பார்வை செய்ய 1988ல் ஒரு ஆளுகை வாரியம் ஏற்படுத்தினார்கள். வேடிக்கையைப் பாருங்கள், அங்கேயும் 26 பேர். அங்கேயும் நியமனம்தான், செய்வது கல்விச் செயலர், அதாவது நம் ஊர்க் கணக்குக்கு மந்திரி. ஆனால் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயர் எழுதியிருக்கிறது. ஆளுநர் இருவர் (அங்கே ஆளுநர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு எடுத்தவர், நம் முதல்வர் மாதிரி), இருவரும் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது. தேர்வு நடக்கிற 4, 8, 12ஆம் வகுப்பு மட்டங்களுக்கு ஓர் ஆசிரியராக மூன்று வகுப்பாசிரியர்கள். பள்ளி முதல்வர் இருவர். அளவீட்டு நிபுணர் மூன்று பேர். பாடத்திட்ட நிபுணர் இருவர். வியாபாரத் துறையிலிருந்து ஒருவர். பொதுமக்கள் தரப்பில் நாலு பேர், பெற்றோர் உட்பட.

ஐசிஎஸ்எஸ்ஆரில் ‘பதினெட்டு சமூக அறிவியலாளர்கள்’ என்று ஒரே மூட்டை. யாரை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம். இங்கே எட்டாம் வகுப்பு ஆசிரியர் இடம் காலியானால் ஹாஸ்டல் ரூம்மேட்டைப் போட முடியாது, அவர் எட்டாம் வகுப்பு நடத்துகிறவராக இருந்தால் ஒழிய. மந்திரி நியமித்துவிட்டுப் போகட்டும். நாற்காலி எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்கு அவர் கை கட்டப்பட்டிருக்கும்.

ஜேஎன்யூ ஜன்னல் | 10.55

இது நான் யோசிக்காத கோணம். ஆனால் குறுகலாக்கினால் தகுதியான ஆள் கிடைக்காமல் நாற்காலி காலியாகவே கிடக்கும் ஆபத்தும் உண்டு மாமா.

மதிப்பெண் மாமா | 10.58

உண்டு. காலியாக இருந்தால் காலி என்று வெளியே தெரியும். மூட்டையில் யார் இல்லை என்பது தெரியாது.

சட்டம் படிக்கும் சீனு | புதன், காலை 11.30

அக்கா, ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். அதே 1860 சட்டத்தின் 4வது பிரிவு, ஆட்சிக்குழுவில் இருப்பவர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை ஒவ்வொரு வருடமும் பதிவாளரிடம் கொடுக்கச் சொல்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து பதினான்கு நாளுக்குள், கூட்டம் நடத்த விதி இல்லையென்றால் ஜனவரியில். 19வது பிரிவு இன்னும் ருசி. பதிவாளரிடம் இருக்கிற ஆவணத்தை யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டிப் பார்க்கலாம். நகல் வேண்டுமானால் நூறு சொல்லுக்கு இரண்டு அணா! சட்டப் புத்தகத்தில் இன்னும் அணாதான் அச்சாகிறது.

உங்கள் நிறுவனம் அரசுப் பணத்தில் கணிசமாக ஓடுகிறதா? அப்படியானால் தகவல் உரிமைச் சட்டமும் (ஆர்டிஐ) பொருந்தும். 2019 செப்டம்பரில் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் தன்னார்வ நிறுவனங்களும் பொது அதிகார அமைப்புதான் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தின் 4வது பிரிவுப்படி எந்தெந்தக் குழு இருக்கிறது, அதன் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பு கிடைக்குமா என்பதை அவர்களே வெளியிட வேண்டும், யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் பத்து ரூபாய், முப்பது நாள்.

மாட்டுங்கா மைனா | 12.10

மும்பையிலிருந்து. எங்கள் பக்கம் சொசைட்டிக்கு அறக்கட்டளைச் சட்டமும் சேரும், 1950ஆம் வருடத்துச் சட்டம். ஆட்சிக்குழுவில் ஒருவர் மாறினால் 90 நாளுக்குள் அறக்கட்டளை ஆணையரிடம் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் விசாரணை வரைக்கும் போகும். சும்மா மெயில் அனுப்பி ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று முடிக்க முடியாது. வருடக்கணக்கில் இழுக்கும் என்பது வேறு விஷயம்.

ஓய்வூதியன் | 12.45

சீனு தம்பி சொன்னது சரி, ஆனால் முனிர்க்கா அம்மா, ஆர்டிஐ போட்டுவிட்டு அதே மாடியில் நாளைக்கு டீ குடிக்க முடியாது. அதைக் கடைசிக்கு வையுங்கள். பதிவாளர் அலுவலகத்துக்கு யாராவது நண்பரை அனுப்புங்கள், ஒரு ரூபாயில் முடியட்டும்.

முனிர்க்காக்காரி | வெள்ளி, இரவு 8.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா அலமாரியிலிருந்து பை-லா நகலை எடுத்துக் கொடுத்துவிட்டார். ‘இதை யாரும் கேட்டதே இல்லை’ என்றார். இருபத்திரண்டு பக்கம், டைப்ரைட்டரில் அடித்தது, பின் துருப்பிடித்து முதல் பக்கத்தில் செம்பழுப்புக் கறை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் படித்தோம்.

பொதுக்குழு உறுப்பினர்கள் பதினோரு பேர். ஆட்சிக்குழுவும் பதினோரு பேர். அதே பதினோரு பேர்! தங்களைத் தாங்களே வருடா வருடம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். காலியிடத்தை ஆட்சிக்குழுவே நிரப்பலாம் என்று 9வது விதி. ஓய்வூதியன் சார் சொன்ன நாலாவது வாசல்.

ஆனால் 7வது விதியில் இன்னொன்று இருக்கிறது. ‘நிறுவனத்தில் முழுநேரமாகப் பணியாற்றும் ஆராய்ச்சியாளர்களிலிருந்து ஒருவர்.’ அந்தப் பதினோரு இடத்துக்குள் ஓர் இடம். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு சொல் இல்லை. கடைசியாக அந்த இடத்தில் இருந்தவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது வந்த மூவரில் ஒருவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று மெயிலில் இல்லை.

கை நடுங்க ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். முதல் வரி: ‘நியமனத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாதது எங்களுக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது.’

ஓய்வூதியன் | 9.20

அந்த வரியை வெட்டுங்கள். வெளிப்படைத்தன்மை என்று எழுதினால் பதிலுக்கு அவர்களும் அதையே இரண்டு பக்கம் எழுதுவார்கள். நான் எத்தனை பதில் அப்படி எழுதியிருக்கிறேன்! விதி எண்ணைப் போட்டுக் கேளுங்கள். ‘விதி 7ன் கீழ் ஆராய்ச்சியாளருக்கான இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று தெரிவிக்கவும். காலி என்றால் எந்தத் தேதிக்குள், எந்த முறையில் நிரப்பப்படும் என்று தெரிவிக்கவும்.’ இரண்டே வாக்கியம். கோப்பில் விதி எண் இருந்தால் உதவியாளர் கட்டாயம் குறிப்பு எழுதியாக வேண்டும். வருத்தத்துக்குக் குறிப்பு எழுத வேண்டியதில்லை.

கணக்கு டீச்சர் | 9.34

பள்ளி ஆசிரியர் இடத்தையும் கேளும்மா.

ஓய்வூதியன் | 9.37

அது விதியில் இல்லை டீச்சர். விதியை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும், அந்தப் பதினோரு பேரே கை தூக்க வேண்டும். முதலில் இருக்கிற நாற்காலியில் உட்காரட்டும், உள்ளே போய் அதைக் கேட்கட்டும்.

முனிர்க்காக்காரி | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், மாலை 5.40

பதில் வந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் இடம் ‘கவனக்குறைவால்’ நிரப்பப்பட்டதாம், ஐஏஎஸ் சாரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். வேறு இடம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டம் வியாழக்கிழமை. பொருள் 6: ஆராய்ச்சியாளர் பிரதிநிதி. இயக்குநர் ஒரு பெயரைப் பரிந்துரைப்பாராம்.

ஜேஎன்யூ ஜன்னல் | 5.52

பாருங்கள், கடைசியில் இயக்குநர்தான்! நீங்கள் பதினான்கு பேரும் ஒரு ஓட்டு நடத்திவிடுங்கள் அக்கா, சீட்டில் எழுதி டிபன் டப்பாவில் போட்டால்கூடப் போதும்.

ஓய்வூதியன் | 6.05

இந்த ஒரு இடத்துக்கு ஜன்னல் தம்பி சொல்வது சரி. இங்கே ஓட்டர் லிஸ்ட் விதியிலேயே இருக்கிறது, முழுநேர ஆராய்ச்சியாளர்கள். ஓட்டு நடத்துங்கள். ஆனால் முடிவை ஓட்டு என்று எழுதிக் கொடுக்காதீர்கள், மிரண்டுவிடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய மூன்று பேரை அதே வரிசையில் ‘இயக்குநரின் வசதிக்காக’ என்று போட்டு, ஆளுக்கு ஒரு பக்க பயோடேட்டாவோடு கொடுங்கள். அவர் பட்டியல் தேடிக்கொண்டிருப்பார், நீங்கள் கையில் கொடுத்தால் நிம்மதியாக வாங்கிக்கொள்வார். எப்போது கொடுக்க வேண்டும் என்று டீச்சரைக் கேளுங்கள்.

கணக்கு டீச்சர் | 6.08

நாளைக்கு நாலு மணிக்குள்.

முனிர்க்காக்காரி | புதன், மாலை 4.25

டப்பாவில் பதின்மூன்று சீட்டு விழுந்தது. ஒருவர் பீகாரில் களப்பணியில் இருக்கிறார், போனில் சொன்னார், அதையும் எழுதிப் போட்டோம். மூன்று பெயர், மூன்று பக்கம், 3.50க்கு அவர் மேஜையில் வைத்துவிட்டேன். முதல் பக்கத்தில் இருப்பது வேலைக்கு வருமுன் ஏழு வருடம் நஜஃப்கர் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு நடத்தியவள். அவள் பயோடேட்டாவில் அதை ஆறாவது வரியில் போட்டிருந்தாள், நான்தான் முதல் வரிக்கு ஏற்றினேன்.